படிகாரமும் வெங்காரமும்: காரம் என்னும் சொல்லின் வரலாறு

நாட்டு மருந்துக் கடையில் படிகாரம் கேட்டால் கண்ணாடித் துண்டு போன்ற ஒரு கட்டியை எடுத்துத் தருவார்கள். சவரம் செய்த முகத்தில் நாவிதர் தேய்ப்பது இதனைத்தான். கலங்கிய நீரைத் தெளியவைப்பதற்கும் இது பயன்படும். அதே கடையில் வெங்காரம் கேட்டால் வேறொரு வெள்ளைக் கட்டி கிடைக்கும். பொன்னைப் பற்றவைக்கும் தட்டார் அதனை நன்கு அறிவார். பெயரளவில் இவை இரண்டும் சகோதரர்கள், இரண்டும் காரங்கள். ஆனால், இரண்டையும் தனித்தனியே நீரில் கரைத்துப் பாசிச்சாயத்தாளைத் தோய்த்துப் பார்த்தால், படிகாரக் கரைசல் நீலத்தாளைச் சிவப்பாக்கும். வெங்காரக் கரைசல் சிவப்புத்தாளை நீலமாக்கும். இக்காலப் பாடநூல் முன்னதன் கரைசலை அமிலக் குணமுடையது என்றும் பின்னதன் கரைசலைக் காரக் குணமுடையது என்றும் கூறும். ஒரே பெயரின் கீழ் இரண்டு எதிரெதிர்க் குணங்கள் எப்படி வந்து தங்கின என்பது ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட ஒரு வரலாறு. அதன் சில பகுதிகளையே இக்கட்டுரையில் சொல்ல முயல்கிறேன்.

மட்டக்களப்பு வாவியோரக் கிராமமொன்றில் விஞ்ஞானம் படிப்பிப்பவன் நான். “அமிலம் நீலப் பாசிச்சாயத்தாளைச் சிவப்பாக்கும், மூலம் சிவப்புத்தாளை நீலமாக்கும்” என்ற வாக்கியத்தைப் பிள்ளைகள் தூக்கத்திலும் ஒப்புவிப்பார்கள். ஆனால், அதில் வரும் ஒரு சொல்லாவது தங்கள் வீட்டுக் குசினியிலிருந்தோ உம்மம்மாவின் வெற்றிலைத் தட்டிலிருந்தோ வந்திருக்கலாம் என்று அவர்கள் நினைப்பதில்லை. மறுபுறத்தில், நமது விழா மலர்களையும் பாடசாலைச் சஞ்சிகைகளையும் புரட்டினால், எல்லா அமிலங்களையும் கண்டுபிடித்தவர்கள் நம் முன்னோரே என்று எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். ஒரு பக்கம் எதுவும் நம்முடையதல்ல என்ற நினைப்பு, மறுபக்கம் எல்லாமே நம்முடையவை என்ற நினைப்பு. இந்த இரண்டுக்கும் நடுவில் உண்மையான வரலாறு கேட்பாரற்றுக் கிடக்கிறது.

முதலில் சொல்லை நோக்குவோம். காரம் என்பது ‘க்ஷார’ என்ற வடசொல்லின் தமிழ் வடிவம். தமிழ்நாட்டுப் பேச்சில் மிளகாயின் குணத்துக்கும் இதே சொல்தான். நமது பகுதியில் அதனை உறைப்பு என்கிறோம். ஆதலால், மட்டக்களப்புப் பிள்ளைக்குக் காரம் என்றதும் மிளகாய் நினைவுக்கு வருவதில்லை. இது நமக்குக் கிடைத்த ஒரு வசதி. நமது பேச்சில் காரம் குடியிருப்பது படிகாரத்திலும் வெங்காரத்திலும் நாள்தோறும் கையாளும் சவர்க்காரத்திலுமே. சவர்த்தண்ணீர் என்று உவர்நீரைச் சொல்பவர்கள் நாம். சவர், காரம் என்ற இரண்டு சொற்களும் ‘சவர்க்காரம்’ என்பதில் நம் காதுக்குத் தெளிவாகவே ஒலிக்கின்றன. கட்டிச் சவர்க்காரம் கடைக்கு வருமுன் தமிழ்ப் பிரதேசங்களில் துணி வெளுத்தவர்கள் உவர்மண்ணையும் சாம்பலையும் கொண்டே வெளுத்தார்கள். அழுக்கின் எண்ணெய்ப்பசையை அறுப்பது அவற்றிலுள்ள காபனேற்று உப்புகளின் காரக் குணம்.

இதே சாம்பலிலிருந்துதான் அரபுச் சொல்லும் பிறந்தது. உவர்நிலங்களில் வளரும் உமரி போன்ற செடிகளை எரித்துப் பெறும் சாம்பலுக்கு அரபியில் ‘அல்-கலீ’ என்று பெயர். அச்சொல் இலத்தீனுக்குச் சென்று ‘அல்கலி’ ஆகி, ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் இன்றும் காரத்துக்குப் பெயராக நிலைத்திருக்கிறது. 1807 இல் ஹம்ப்ரி டேவி மின்னைச் செலுத்திச் சாம்பற்காரத்திலிருந்து ஓர் உலோகத்தைப் பிரித்தெடுத்தார். அதுவே பொற்றாசியம். அதன் இரசாயனக் குறியீடாக ‘கே’ என்ற எழுத்து இருப்பது ஏன் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. இலத்தீனில் அதற்கு ‘கலியம்’ என்று பெயர். அல்-கலீயின் பேரப்பிள்ளை அது. வெங்காரத்தின் ஆங்கிலப் பெயரான ‘போரக்ஸ்’ கூட ‘பவ்ரக்’ என்ற அரபுச் சொல்லின் வழியே வந்ததுதான்.

சொல்லோடு செய்முறையும் வந்தது. கி.பி. 925 அளவில் மறைந்த அர்-ராஸி மருத்துவராகப் பெயர் பெற்றவர். அவர் எழுதிய ‘கிதாபுல் அஸ்ரார்’ இரசாயன வரலாற்றில் முக்கியமான நூல். பொருள்களைத் தாதுப்பொருள், தாவரப்பொருள், விலங்குப்பொருள் எனப் பகுத்து, உபகரணங்களையும் செய்முறைகளையும் ஒழுங்காகச் சொல்லும் நூல் அது. அல்-கலீயைச் சுண்ணாம்புடன் சேர்த்து நீரில் கொதிக்கவைத்து வடித்து, மேலும் கடுமையான காரநீரைப் பெறும் முறையை அவர் விவரிக்கிறார். இன்று நாம் அதனைச் சோடியம் காபனேற்று கல்சியம் ஐதரொட்சைட்டுடன் தாக்கமடைந்து சோடியம் ஐதரொட்சைட்டைத் தருவதாக எழுதுவோம். சமன்பாடு பிற்காலத்தது, செய்கை அவருடையது. இந்த நூல்களை நவீன உலகுக்கு விளக்கியதில் நம் துணைக்கண்டத்துக்கும் பங்குண்டு. எச்.ஈ. ஸ்ரேப்பிள்டன், ஆர்.எஃப். அஸோ, எம். ஹிதாயத் ஹுசைன் ஆகிய மூவரும் பத்தாம் நூற்றாண்டு ஈராக், பாரசீக இரசாயனம் பற்றிய தமது ஆய்வை 1927 இல் கல்கத்தாவில் வங்காள ஆசியக் கழகத்தின் வெளியீடாகத் தந்தார்கள்.

இனி, நம்மவர் அடிக்கடி எழுதும் ஒரு கூற்றுக்கு வருகிறேன். சல்பூரிக்கமிலம், நைத்திரிக்கமிலம், பொன்னையும் கரைக்கும் இராசநீர் ஆகிய அனைத்தையும் கண்டுபிடித்தவர் ஜாபிர் இப்னு ஹையான் என்பதே அது. ‘கெபர்’ என்ற பெயரில் பதின்மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவில் இலத்தீன் நூல்கள் சில வெளிவந்தன. கெபர் என்பது ஜாபிரின் இலத்தீன் வடிவம். அந்த நூல்களின் புகழே ஜாபிரின் புகழாகக் கொள்ளப்பட்டது. பின்னர், 1942 - 43 இல் கெய்ரோவில் வெளிவந்த பவுல் கிறவுஸின் பேராய்வு, ஜாபிரின் பெயரில் வழங்கும் அரபு நூற்றிரளே ஒருவர் கைப்பட எழுதியதல்ல, பல காலத்தில் பலர் எழுதிச் சேர்த்தது என்று வாதிட்டது. இலத்தீன் நூல்கள் ஐரோப்பாவிலேயே எழுதப்பட்டவை என்பதே இன்று பெரும்பாலான அறிஞரின் முடிவு. இதற்கு மாறாகக் கனிய அமிலங்கள் பற்றிய அறிவு அரபு மூலங்களிலேயே உண்டு என வாதிட்ட அஹ்மத் யூசுப் அல்-ஹஸன் போன்றோரும் இருக்கிறார்கள். விவாதம் நடக்கும் இடத்தில் தீர்ப்பை எழுதி மாணவர் கையில் கொடுப்பது வரலாறாகாது. வாலைவடிப்பையும் பொருட்பகுப்பையும் கார ஆக்கத்தையும் ஒழுங்கான கைவேலையாக்கிய பெருமை அரபு இரசாயனத்துக்கு ஐயமின்றி உண்டு. அதற்கு மேல் மிகை எதற்கு?

காரத்தின் கதை சாம்பலில் தொடங்கியதென்றால், அமிலத்தின் கதை நாவில் தொடங்கியது. அமிலம் என்பது புளிப்பைக் குறிக்கும் ‘அம்ல’ என்ற வடசொல்லின் வழி வந்தது. ஐரோப்பியரின் ‘அசிட்’ என்பதும் புளிப்பு என்ற பொருளுடைய இலத்தீன் சொல்தான். தனித்தமிழில் எழுதுவோர் காடி என்கிறார்கள். அதுவும் புளித்த நீருக்கான பழைய பெயர். உலகமெங்கும் மனிதர் அமிலத்தை முதலில் அறிந்தது வாயால். நமது வாவி மீனுக்குப் போடும் கொறுக்காய்ப்புளி, சோற்றுக்கு மேல் பிழியும் தேசிக்காய், எருமைத் தயிர் எல்லாம் ஒவ்வோர் அமிலத்தின் வீடுகள். சுவீடனைச் சேர்ந்த மருந்தாளர் கார்ல் ஷீலே 1780 இல் புளித்த பாலிலிருந்து இலற்றிக்கமிலத்தையும், 1784 இல் எலுமிச்சைச் சாற்றிலிருந்து சித்திரிக்கமிலத்தையும் பிரித்தெடுத்தார். தயிர் முட்டிக்குள் இருப்பது என்னவென்று பெயர் சொல்லி அழைக்க முடிந்தது அதன் பின்னர்தான்.

நாவுக்குப் பின் கண் வந்தது. றொபேட் பொயில் 1664 இல் நிறங்களைப் பற்றி எழுதிய நூலில், ஊதாப்பூவின் பாகு அமிலம் பட்டால் சிவக்கும், காரம் பட்டால் பச்சையாகும் என்று காட்டி, இதனைப் பொருள்களை இனங்காணும் ஒரு பொதுமுறையாக வைத்தார். நமது வீடுகளிலும் இச்சோதனை பெயரில்லாமல் நடந்துகொண்டே இருக்கிறது. மஞ்சட்கறை பட்ட வெள்ளைச் சட்டையில் சவர்க்காரம் பூசியதும் கறை சிவந்துவிடுவதைக் காணாத தாய் இல்லை. மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும் என்பது தமிழர் வீட்டு ஆலாத்தித் தட்டின் இரகசியம். செவ்வரத்தம்பூவின் சாறு தேசிக்காயில் நல்ல சிவப்பாகும். சுண்ணாம்பு நீரில் பச்சையாகும். நமது பாடநூலின் பாசிச்சாயத்தாளும் இலைக்கன் எனப்படும் ஒருவகைத் தாவரப் படையிலிருந்து எடுத்த சாயமே. கண் அறிந்ததைப் பொயில் ஒரு முறையாக்கினார் என்பதே அவர் சிறப்பு. நமக்குக் காட்சி இருந்தது. அதனை எழுதிவைத்துப் பிற பொருள்களுக்கும் பொருத்திப் பார்க்கும் வழக்கம் இருக்கவில்லை.

ஆயினும், பெயரும் நிறமும் அமிலம் என்பது உண்மையில் என்ன என்ற கேள்விக்கு விடை தரவில்லை. இலவோசியே 1770களின் பிற்பகுதியில், எல்லா அமிலங்களிலும் ஒரு குறித்த வாயு இருக்க வேண்டும் என்று கருதி, அதற்கு ‘அமிலமாக்கி’ என்ற பொருளில் கிரேக்கச் சொற்களால் பெயரிட்டார். நாம் ஒட்சிசன் என்று எழுதுவது அதையே. 1810 இல் டேவி குளோரின் ஒரு மூலகம் என்று நிறுவினார். அப்போது, ஒட்சிசன் துளியுமற்ற ஐதரோகுளோரிக்கமிலம் கடுமையான அமிலமாக இருப்பது வெளிப்பட்டது. கருத்து வீழ்ந்தது, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. 1880களில் சுவீடனின் அரீனியஸ், நீரில் ஐதரசன் அயன்களைத் தருவது அமிலம், ஐதரொட்சைட்டு அயன்களைத் தருவது மூலம் என்று விளக்கினார். 1923 இல் டென்மார்க்கின் புரொன்ஸ்ரெட்டும் இங்கிலாந்தின் லவ்ரியும் தனித்தனியே அதனை மேலும் விரித்து, ஐதரசன் அயனைக் கொடுப்பது அமிலம், வாங்குவது மூலம் என்றார்கள்.

அளவை தந்தவர் கொப்பன்ஹேகன் நகரின் காள்ஸ்பேர்க் ஆய்வுகூடத்தில் இரசாயனப் பகுதித் தலைவராயிருந்த சோரன்சன். நொதியங்களும் புரதங்களும் அமில அளவு சற்று மாறினாலும் தம் நடத்தையை மாற்றிக்கொள்வதைக் கண்டார் அவர். புளிப்பு என்றோ கடும் புளிப்பு என்றோ எழுதி அவருடைய வேலை நடக்கவில்லை. ஐதரசன் அயன் செறிவை எழுதப் போனால் தசமப் புள்ளிக்குப் பின்னால் சுழிகள் வரிசை வரிசையாக வந்தன. 1909 இல் அவர் ஓர் எளிய வழி சொன்னார். அதுவே பி.எச். அளவுத்திட்டம்.

வகுப்பில் இதை விளக்க நான் நம்மூர் எண்ணுப்பெயர்களையே கையாள்கிறேன். தூய நீரில், 25 பாகை செல்சியசில், ஒரு லீற்றருக்கு ஒரு மூலின் கோடியில் ஒரு பங்கு ஐதரசன் அயன் உண்டு. கோடிக்கு ஏழு சுழி, ஆகவே பி.எச். 7. இலட்சத்தில் ஒரு பங்கென்றால் ஐந்து சுழி, பி.எச். 5. ஆயிரத்தில் ஒரு பங்கென்றால் மூன்று சுழி, பி.எச். 3. பங்கின் அடியிலுள்ள சுழி குறையக் குறையப் பங்கு பெரிதாகும். அதனாலேயே எண் சிறுக்க அமிலம் பெருக்கிறது. ஒரு படி இறங்கினால் பத்து மடங்கு, இரண்டு படி இறங்கினால் நூறு மடங்கு. இடைப்பட்ட அளவுகளுக்கு மடக்கை தேவை. ஆனால், கருத்துப் புரிவதற்குச் சுழி எண்ணத் தெரிந்தாற் போதும். பாலின் பெறுமானம் ஏறத்தாழ 6.6. உறைமோர் விட்டபின் அது 4.6 அளவுக்கு இறங்கும்போது பாற்புரதம் ஒன்றோடொன்று திரண்டு தயிராக உறைகிறது. பாலுக்கும் தயிருக்கும் இடையில் இரண்டு படி, அதாவது நூறு மடங்கு. தயிர்முட்டி விற்பவர் இதனை எண்ணால் அறியாவிட்டாலும் நேரத்தாலும் வாசனையாலும் அறிவார். முட்டி உறையும் வேளையும் புரதத்தை ஆராய்ந்த சோரன்சனின் எண்ணும் ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன.

இப்போது படிகாரத்துக்கும் வெங்காரத்துக்கும் திரும்பலாம். படிகாரக் கரைசலின் பெறுமானம் 3 ஐ ஒட்டிச் சற்று மேலே நிற்கும். அதிலுள்ள அலுமினிய அயன் நீரோடு சேர்ந்து ஐதரசன் அயன்களை வெளிவிடுவதே காரணம். வெங்காரக் கரைசல் 9.2 அளவில் நிற்கும். ஒன்று ஏழுக்குக் கீழே, மற்றது ஏழுக்கு மேலே. பழந்தமிழ் மருத்துவமும் கைத்தொழிலும் காரம் என்றது, கடிக்கும் குணமும் அரிக்கும் குணமும் கொண்ட உப்புக் கூட்டத்தை. அது பயன்பாட்டை வைத்துச் செய்த பகுப்பு, அதில் பிழையில்லை. ஐதரசன் அயனை வைத்துச் செய்யும் பகுப்பு வேறு. படிகாரம் என்ற பெயரைக் காட்டி நம் முன்னோருக்கு அமில மூல இரசாயனம் தெரியும் என்று சொல்வதும் பொருந்தாது. பெயர் தவறு என்று அவர்களை எள்ளுவதும் பொருந்தாது. ஜாபிர் விடயத்தில் வேண்டியதாகச் சொன்ன நேர்மையே இங்கும் வேண்டும்.

இந்தச் சொற்களைத் தமிழ்ப் பாடசாலைக்கு ஏற்றவையாக்கிய உழைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். மானிப்பாயில் மருத்துவப் பணிபுரிந்த அமெரிக்க மிசனரி சாமுவேல் பிஸ்க் கிறீனும் அவருடைய மாணாக்கரும் மேற்கத்திய மருத்துவ நூல்களைத் தமிழாக்கியபோது, இரசாயனத்துக்கும் ஒரு நூல் வேண்டியிருந்தது. 1875 இல் ‘கெமிஸ்தம்’ என்ற பெயரில் அது வெளிவந்தது. நூலின் பெயரே ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் உடுப்பு மாட்டியதாக இருப்பதைப் பார்த்தால், அன்று சொல் எவ்வளவு பஞ்சமாயிருந்தது என்பது விளங்கும். அடுத்த பெரிய படியில் நிற்பவர் நம் மண்ணைச் சேர்ந்தவர். காரைதீவில் 1892 இல் பிறந்த சுவாமி விபுலானந்தரை யாழ் நூலின் ஆசிரியராகவே நாம் நினைவுகூர்கிறோம். துறவறத்துக்கு முன் அவர் கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞான டிப்ளோமா பெற்று, யாழ்ப்பாணத்துப் பற்றிக்ஸ் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்தவர். லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி. 1936 இல் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்க மாநாட்டுக்கு அவரே தலைமை தாங்கினார். 1938 இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தின் ‘கலைச்சொற்கள்’ நூல் வெளிவந்தது. 1942 இல் உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்த ஏ.எம்.ஏ. அஸீஸ், அடிகளாரோடு பழகியவர். 1945 இல் அஸீஸ் முன்னின்று தொடங்கிய இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியின் உதவியால் நம் வறிய மாணவர் பலர் மேற்படிப்புப் படித்தார்கள். இந்த வாவியின் இரு கரைகளிலும் வாழ்வோர் ஒருவரையொருவர் ஐயத்தோடு பார்த்த காலங்களிலும், இரண்டு சமூகத்துப் பிள்ளைகளும் ஒரே தமிழ்ச் சொல்லால்தான் இரசாயனம் படித்தார்கள்.

இலங்கைப் பாடநூல்கள் ஒரு நுட்பமான வேறுபாட்டையும் பேணி வருகின்றன. அமிலத்துக்கு எதிரான கூட்டம் முழுவதற்கும் மூலம் என்று பெயர். நீரில் கரையும் மூலத்துக்கே காரம் என்று பெயர். எல்லாக் காரமும் மூலம், எல்லா மூலமும் காரமல்ல. தமிழ்நாட்டு நூல்கள் இரண்டையும் பெரும்பாலும் காரம் என்றே வழங்கும். இரண்டு நாட்டு நூல்களையும் வாசிக்கும் மாணவருக்கு இந்த ஒரு வரியைச் சொல்லிக்கொடுத்தால் பெரும் குழப்பம் தீரும்.

சாம்பலில் தொடங்கிய தொழிலும் நம் மண்ணில் வளர்ந்தது. 1950களில் பரந்தனில் இரசாயனத் தொழிற்சாலை எழுந்தது. ஆனையிறவு உப்பைக் கரைத்து மின் செலுத்தி எரிசோடாவும் குளோரினும் எடுத்தார்கள். அர்-ராஸி சுண்ணாம்பும் சாம்பலும் கொண்டு பெற்றதை இங்கே உப்பும் மின்னும் தந்தன. அதே காலத்தில் வாழைச்சேனையில் காகித ஆலை வந்தது. வயலில் எரிந்து போகும் வைக்கோல் அங்கே எரிசோடாவில் வெந்து நாராகிக் காகிதமானது. போர்ச் சூழலில் 1980களில் பரந்தன் உற்பத்தி நின்றது. மருதமுனையிலும் காத்தான்குடியிலும் கைத்தறி நெய்தோரின் சாயத்தொட்டியிலும் எரிசோடாவுக்கு இடமுண்டு. அளவு மிகுந்தால் நூல் கெடும், குறைந்தால் சாயம் பிடிக்காது என்பது சாயம் தோய்த்தோரின் கைக்கணக்கு.

இனிவரும் காலத்தில் கைக்கணக்கு மட்டும் போதாது. கண்டல் வளரும் சதுப்பு மண்ணின் அடியில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைற்று கிடக்கும். நீர் மூடியிருக்கும்வரை அதனால் தீங்கில்லை. நிலத்தை வடித்துக் காற்றுப் படவிட்டால் அது சல்பூரிக்கமிலமாக மாறி, மண்ணின் பி.எச். 4 இலும் கீழே இறங்கிவிடும். மாத்தறையில் நில்வளா கங்கை வெள்ளத் தடுப்புத் திட்டத்தின் பின்னர் வயல்கள் பல இவ்வாறு புளித்துப் பயிரிட முடியாமற் போயின. வெள்ளத்தைத் தடுக்க எண்ணிய திட்டம் மண்ணைப் புளிக்கவைத்தது. வாவியோரத்தில் கண்டலை வெட்டி இறால் குளம் தோண்ட நினைப்பவர் முதலில் கேட்க வேண்டிய எண் இது. கடலுக்கும் இக்கணக்கு உண்டு. கைத்தொழில் யுகத்துக்கு முன் ஏறத்தாழ 8.2 ஆக இருந்த கடல்மேல் நீரின் பெறுமானம் இப்போது 8.1 அளவில் நிற்கிறது. புள்ளி ஒன்று என்று அலட்சியம் செய்யலாகாது. சுழிக் கணக்கில் அது ஐதரசன் அயன் 30 வீதமளவு கூடியதைக் குறிக்கும். சிப்பியும் பவளமும் ஓடு கட்டுவது இதனால் கடினமாகிறது.

இந்தச் சஞ்சிகையை வாசிப்போரில் பலர் கவிஞர்கள், கதைஞர்கள், ஆசிரியர்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். தயிர் உறையவைப்போர், சாயம் தோய்த்தோர், சுண்ணாம்புச் சூளை எரித்தோர், பொன் பற்றவைப்போர், நாட்டு மருந்து அரைத்தோர் ஆகியோரின் வாயில் இன்னும் எத்தனையோ சொற்கள் இருக்கின்றன. புளிப்பு எந்த நிலையில் போதுமானது, சுண்ணாம்பு எப்போது நீறியது, காரம் எப்போது மிஞ்சியது என்று சொல்ல அவர்களிடம் தனித்தனிச் சொற்கள் உண்டு. அவர்களில் பலர் முதுமையடைந்துவிட்டார்கள். பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள். ஒரு குறிப்புப் புத்தகத்தோடு அவர்களிடம் சென்று சொல்லையும் அதன் பொருளையும் எழுதிவாருங்கள். பாசிச்சாயத்தாளோடும் பி.எச். தாளோடும் எம் மாணவர்கள் உங்கள் பின்னால் வருவார்கள். ஒவ்வொரு சொல்லுக்கு நேரேயும் அதன் எண்ணை எழுதுவோம்.